ஊதாத் துணி மூடிய வெப்சைட்

கல்யாணமான மூன்றாம் மாதம் என் கணவர் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார். அந்த மூன்று மாதத்தில் நாங்கள் ஊட்டிக்குப் போகவில்லை, கொடைக்கானலுக்குப் போகவில்லை. விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில், ஒரே கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்கு வெப்சைட் செய்தோம். விசா வரும்வரை வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அவர் என்னோடு வந்து உட்கார ஆரம்பித்ததுதான். தேன்நிலவுக்கு எங்கே போனீர்கள் என்று யாராவது கேட்டால், பாலக்கரைப் பக்கம் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் என்று இன்றைக்கும் கூசாமல் சொல்வேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளை இறக்கி, சர்வரில் ஏற்றி, அதன் மேல் நமக்கு வேண்டிய சட்டையைப் போட்டுவிட்டால் வெப்சைட் தயார். அந்தச் சட்டைக்கு டெம்ப்ளேட் என்று பெயர். தலைப்புப் படம், மெனு, நிறம், எழுத்து எல்லாம் அதில் அடக்கம். அதற்கப்புறம் கம்ப்யூட்டர் கோடு எழுதத் தெரியாதவர்கூட பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய்ச் செய்தி எழுதலாம், படம் மாற்றலாம். அப்படித்தான் நாங்கள் விளம்பரம் செய்தோம். உண்மையில் ஒருவரும் உள்ளே போகவில்லை. ஒரு போன் நம்பரை மாற்றுவதென்றாலும் மாடியேறி என்னிடம்தான் வந்தார்கள்.

வந்தவர்களில் பாதிக்கு மேல் செராமிக் கம்பெனிக்காரர்கள். பீங்கானில் ஃபியூஸ் கட்டை செய்கிறவர்கள், பொம்மை செய்கிறவர்கள். ஒருவருக்கு அவருடைய பொம்மைகள் திரையில் சுற்ற வேண்டும். இன்னொருவருக்குப் பார்வையாளர் எண்ணிக்கை ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் கௌரவக் குறைச்சல், லட்சத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தளத்தைத் திறக்கும் மாதம் ஆடியாக இருக்கக் கூடாது, நேரம் ராகு காலமாக இருக்கக் கூடாது. ஒரு முதலாளி, "சர்வரு அமெரிக்காவுல இருக்குதுன்னு சொல்றியே, அப்ப அந்த ஊரு டைமுக்கு ராகு காலம் பாக்கணுமா, நம்மூரு டைமுக்கா?" என்று நிஜமாகவே கேட்டார். "நம்மூரு டைமுக்கே பாருங்கண்ணே, பாக்குறவங்க இங்கதான இருக்காங்க" என்றேன். இந்தப் பதில் அவருக்குப் பிடித்துப்போய் இன்னும் இரண்டு கம்பெனிகளை என்னிடம் அனுப்பி வைத்தார்.

என் கணவர் அப்படி ஒரு கம்பெனி ஆபீசில் பில் போட்டுக்கொண்டிருந்தவர். நிறத்தில் அவருக்குக் கண் அதிகம். சூளைக்குள் போகும்போது ஒரு நிறம், வெந்து வெளியே வரும்போது வேறு நிறம் என்று தினமும் பார்த்துப் பழகியவர். நான் திரையில் ஒரு நீலத்தைக் காட்டி இது போதுமா என்று கேட்டால், "இங்க பாக்க நல்லாத்தான் இருக்குது. வேற கம்ப்யூட்டர்ல எப்படி வரும்?" என்பார். உடனே பக்கத்து கம்ப்யூட்டரில் யார் உட்கார்ந்திருந்தாலும் எழுப்பிவிட்டு அதில் திறந்து பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு நீலத்துக்கு ஒரு மத்தியானம் போய்விடும். அவர் போன பிறகு நிறம் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோதெல்லாம் நான் அவருடைய நாற்காலியைத்தான் திரும்பிப் பார்த்தேன். டைப்பிங் படிக்க வந்த யாராவது அதில் உட்கார்ந்திருப்பார்கள்.

கோயில் தளத்தில் பூசை நேரம், திருவிழா அறிவிப்பு, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாவற்றுக்கும் பக்கங்கள் வைத்தோம். இறந்தவர்களுக்கு ஒரு பக்கம். படத்தைச் சுற்றிக் கறுப்பு வேண்டாம், ஊதா போடலாம் என்று சொன்னவர் அவர்தான். சாவுப் பூசைக்குச் சாமியார் போடுகிற ஊதா உடுப்பின் நிறம் அப்படியே வர வேண்டும் என்று கோயிலுக்கே போய் அந்த உடுப்பை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். அந்த வேலை முடிந்த வாரம் விசா வந்துவிட்டது.

ஒப்பந்தம் இரண்டு வருடம். நடுவில் வர வேண்டுமென்றால் வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும், அப்போதும் மேனேஜர் மனசு வைக்க வேண்டும். இதையெல்லாம் அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டினேன். அவர் ஏறிய பஸ் கண்ணை விட்டு மறைவதற்குள்ளேயே அவர் திரும்பி வந்துவிட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மாதாவிடம் நான் கேட்டது அது ஒன்றுதான். சம்பளம் உயர வேண்டும், வீடு கட்ட வேண்டும் என்று என் மாமியார் வேறு பட்டியல் வைத்திருந்தார். நான் என் கணவர் முகத்தை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. போன் கார்டு வாங்கிப் பேசுவார். சாப்பாடு என்ன, தலைவலி எப்படி, அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாச்சா என்று விசாரித்து முடிப்பதற்குள் கார்டு தீர்ந்துவிடும். சொல்ல நினைத்ததெல்லாம் அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போகும். வெப்கேமராவில் பேசலாமே என்று சென்டரில் யோசனை சொன்னார்கள். ஒரு தடவை பேசிப் பார்த்தோம். அவர் முகம் மூக்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள். குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதோடு அதை விட்டுவிட்டோம்.

பிறகு ஒரு ஞாயிறு, கோயிலுக்குப் புதிதாக வெள்ளையடித்ததைக் காட்டும் படம் ஒன்றைத் தளத்தில் போட்டேன். படம் எடுத்தவர் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பீடத்தைத் துடைப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது என்று கோயில் காரியம் எல்லாம் பார்க்கிறவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவருக்கு கேமரா பிடிக்கத் தெரியாது. லென்ஸின் ஓரத்தில் எப்போதும் அவர் விரல் ஒன்று வந்துவிடும். அந்தப் படத்தின் மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு நானும் விழுந்திருந்தேன். வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"தூணுகிட்ட பச்சப் பொடவையில நிக்கிறது நீதான?"

"ஆமா."

"கொஞ்சம் முன்னால வந்து நின்னா என்னா?"

அடுத்த ஞாயிறு முன்னால் வந்து, கோயில் முற்றத்தில் குகை மாதிரி கட்டியிருந்த மாதா கெபியின் அருகே நின்றேன். 'மாதா கெபியில் புதிய பூந்தொட்டிகள்' என்று செய்திக்குத் தலைப்பு கொடுத்தேன். பூந்தொட்டிகள் எல்லாம் பழசுதான். அதற்கடுத்த வாரம் கெபிக்குப் புது விளக்கு. அதற்கடுத்த வாரம் கெபியைச் சுற்றிக் கோலம். எங்கள் பங்கில் மாதா கெபிக்கு அந்த வருடம் கிடைத்த விளம்பரம் அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை.

பெண்கள் இதை எத்தனை நாளைக்குக் கண்டுபிடிக்காமல் இருப்பார்கள்? எங்கள் பங்கில் வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லும்படி ஆண்பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தார்கள். பூசை முடிந்ததும் ஒரு அக்கா வந்து, "ஒன் வூட்டுக்காரரு மட்டுந்தான் பாக்கணுமா? எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணு இல்லியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அன்றைக்கு அவரும் பிள்ளைகளும் நின்றார்கள். அப்புறம் வரிசை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கெபி முன்னால் நிற்பது எங்கள் பங்கில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சிலர் பல் முளைத்த குழந்தையின் வாயைத் திறந்து காட்டி நின்றார்கள். ஒருவர் புதிதாக வாங்கிய கறவை மாட்டைக் கோயில் வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாதாவுக்குப் பக்கத்தில் மாட்டை நிறுத்தலாமா என்று வாக்குவாதம் வந்தபோது, கிறிஸ்மஸ் குடிலில் மாடு நிற்கவில்லையா என்று கோயில்பிள்ளை தீர்ப்புச் சொன்னார். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு முதலியார் குடும்பம் தயங்கித் தயங்கி வந்து, "எங்க பையனும் அங்கதான் இருக்கான் சாமி, நாங்க நிக்கலாங்களா?" என்று பங்குச் சாமியாரிடம் கேட்டது. "தாராளமா நில்லுங்க" என்றார் சாமியார்.

குடும்பத்துக்கு ஒரு பக்கம் என்று தளத்தைத் திருத்தினேன். பெயரைத் தட்டினால் அந்தக் குடும்பத்தின் பக்கம் தனியாகத் திறக்கும். மேலே படம், கீழே பெயரும் ஊரும். வாராவாரம் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றுவது என் பொறுப்பு. திங்கட்கிழமை காலையில் செராமிக் முதலாளிகள் மாடியேறி வந்து, "என் பொம்மையச் சுத்த வுட்டியா?" என்று கேட்கும்போது நான் கோயில் ஜனத்தை ஏற்றிக்கொண்டிருப்பேன். "கரண்ட்டு இல்லண்ணே" என்பேன். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த வரிசையில் கம்மாபுரம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து ஒரு அம்மா வருவார். ஒரே மகன் வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தான். ஊரில் பாதி நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மா மட்டும் தன் வீட்டில் தனியாக இருந்தார். படம் எடுக்கும்போது கேமராவைப் பார்த்து, "ராசா, சாப்புட்டியா?" என்று தவறாமல் கேட்பார். வாய் அசைவதால் ஒவ்வொரு படமும் மங்கலாக விழும்.

"அம்மா, போட்டோவுல பேச்சு வராது" என்றேன் ஒரு தடவை.

"வராதுன்னு எனக்குத் தெரியாதா பாப்பா? வாயி அசையறது தெரியுமில்ல, அது போதும் அவனுக்கு."

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் வந்தது. கடைசி இரண்டு வாரம் எங்கள் கோயிலில் சுரூபங்கள், அதாவது சிலைகள், எல்லாவற்றையும் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். ஈஸ்டர் இரவில் நடக்கும் பாஸ்கா பூசையில் மணி அடிக்கும்போதுதான் திறப்பார்கள். கெபியிலும் மாதாவைத் தலையிலிருந்து கால்வரை துணி போட்டுக் கட்டினார் கோயில்பிள்ளை. அந்தச் சனிக்கிழமை பாஸ்கா பூசை நேரங்களைக் கொடுக்கப் பங்குச் சாமியார் சென்டருக்கு வந்தவர், திரையில் கோயில் தளத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏம்மா, கோயில்ல எல்லாத்தையும் மூடிட்டம். இங்க மாதா பளிச்சுன்னு நிக்கிறாங்களே?"

"மூடிடலாமா சாமி?"

"முடியுமா?"

முடியுமா என்று என்னைக் கேட்டுவிட்டால் அப்புறம் நான் சும்மா இருக்க மாட்டேன். சுரூபம் உள்ள படங்களை மட்டும் மூடலாம் என்றுதான் முதலில் ஆரம்பித்தேன். அப்போது சாமியாரே ஒரு குடும்பத்தின் பக்கத்தைக் காட்டினார். அவர்களுக்குப் பின்னால் மாதா நின்றார். எந்தக் குடும்பத்தின் பக்கத்தைத் திறந்தாலும் அப்படித்தான். எல்லாரும் கெபி முன்னால்தானே நின்றிருக்கிறார்கள்?

"அப்ப எல்லாத்தையுமே மூடிடு" என்றார் சாமியார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டெம்ப்ளேட்டில் இரண்டு வரி எழுதினேன். தளத்தில் எங்கெல்லாம் படம் உண்டோ அங்கெல்லாம் படம் மறைந்து ஊதாக் கட்டம் வந்துவிட்டது. கோயில், கெபி, பல் முளைத்த குழந்தை, கறவை மாடு, கம்மாபுரத்து அம்மா, நான், எல்லாரும் ஊதா. கட்டத்துக்குக் கீழே பெயரும் ஊரும் மட்டும் நின்றன. முதல் பக்கத்தில் 'தவக்காலத்தை முன்னிட்டுப் படங்கள் மூடப்பட்டுள்ளன, பாஸ்காவன்று திறக்கப்படும்' என்று அறிவிப்பும் வைத்தேன். சாமியார் நெகிழ்ந்துபோய், இப்படி வேறெந்தப் பங்கிலும் செய்திருக்க மாட்டார்கள் என்றார். அது சரிதான், யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அவர் பேசினார்.

"சைட்டு பாத்தேன். கோயிலுக்குள்ள நொழைஞ்ச மாதிரியே இருக்குது. கலருதான் கொஞ்சம் செவப்படிக்குது, நீலத்த கூட்டு."

"என் படத்தையும் மூடிட்டேன். கோவமில்லியே?"

"ரெண்டு வாரந்தான? பாஸ்காவுக்குத் தொறந்துடுவல்ல?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எவ்வளவு சுலபமாகப் புரிந்துகொண்டார் என்று மாமியாரிடம்கூடச் சொன்னேன். அன்றைக்கே உட்கார்ந்து நீலத்தைக் கூட்டினேன்.

பெரிய வியாழன் சாயங்காலம், பூசைக்கு முன்னால் கோயில் வாசலில் நின்றிருந்தேன். கம்மாபுரத்து அம்மா ஒரு ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெயிலில் கறுத்த, தாடி மழிக்காத ஆள். கண்கள் சிவந்து கிடந்தன. சட்டையில் விமான நிலையத்தில் ஒட்டிய சின்னக் காகிதம் ஒன்று அப்படியே இருந்தது.

"நீங்கதான் அந்தப் படத்துக்கு ஊதா போட்டதா?" என்று கேட்டார்.

என்ன நடந்தது என்று அந்த இடத்திலேயே எனக்கு விளங்க ஆரம்பித்துவிட்டது. மீதியை அந்த அம்மா சொன்னார். மகனுக்குக் கம்ப்யூட்டர் பழக்கமில்லை. அங்கே இன்டர்நெட் கடை வைத்திருக்கும் மலையாளி ஒருவர் இவருடைய அம்மாவின் பக்கத்தை மட்டும் சேமித்து வைத்திருந்திருக்கிறார். இவர் போய் உட்கார்ந்தால் நேராக அதைத் திறந்து கொடுப்பார். முதல் பக்கத்தையும் அதில் இருந்த அறிவிப்பையும் இவர் பார்த்ததே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை திறந்தால் அம்மா இல்லை. அம்மா இருந்த இடத்தில் ஊதா. கீழே அம்மாவின் பெயர், ஊர். அம்மாவின் பக்கத்தின் ஓரத்தில் வருகிற இறந்தவர்களின் படத்தைச் சுற்றி அதே ஊதாவை இவர் பல தடவை பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டிருக்கிறார். அந்த வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போய் ஒரு வாரமாகியிருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மேனேஜர் காலில் விழுந்து, அறையில் கூட இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு டிக்கெட் எடுத்துக் கொடுக்க, கிளம்பி வந்துவிட்டார். கம்மாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அழ ஆரம்பித்தவர், அழுதுகொண்டே வீட்டு வாசலுக்கு வந்தபோது அம்மா மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாராம்.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க" என்று என்னவோ உளறினேன். அவர் திட்டத்தான் வந்திருந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த அம்மா அவரைப் பேசவே விடவில்லை.

"எதுக்கு மன்னிப்பு? நீ மூடுனதுதான் பாப்பா நல்லதாப் போச்சு. மூடாம இருந்தா இவன் வந்திருப்பானா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் பல்லைக் காட்டிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மகனின் கையை விடவே இல்லை. வழக்கம் மறக்காமல் கோயில்பிள்ளை கேமராவோடு வந்து, "நில்லுங்க, ஒண்ணு எடுத்துடலாம்" என்றார். "யாருக்குப் போட்டோ? பாக்க வேண்டியவன் இங்கதான நிக்கிறான்" என்று அந்த அம்மா மகனை இழுத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார்.

நானும் உள்ளே போனேன். பூசையில் என்ன படித்தார்கள், என்ன பாடினார்கள் என்று ஒன்றும் ஏறவில்லை. முன் பெஞ்சில் அவர்கள் இருவரின் முதுகையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வயிறு எரிந்தது. அதே ஊதாவை என் கணவரும்தானே பார்த்தார்? அதே வெள்ளிக்கிழமை? அந்த மனிதர் மேனேஜர் காலில் விழுந்தார். இவர் நீலத்தைக் கூட்டச் சொன்னார். நான் ஏன் இவருக்கு டெம்ப்ளேட்டையும் நிறத்தை எழுதி வைக்கிற ஸ்டைல் ஃபைலையும் காட்டினேன் என்று இருந்தது. ஒன்றும் தெரியாதவராக இருந்திருந்தால் இந்நேரம் அவரும் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதுகொண்டு வந்திருப்பார். நான் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

அடுத்த நாள் பெரிய வெள்ளி. அவர் போன் செய்தபோது கம்மாபுரத்து அம்மாவின் மகன் வந்திருக்கும் கதையை நான் சொல்லவில்லை. தலைவலி என்று சொல்லிச் சீக்கிரம் வைத்துவிட்டேன். அவர் கார்டில் மிச்சம் இருந்திருக்கும்.

பாஸ்கா முடிந்தது. கோயிலில் துணிகளைக் கழற்றினார்கள். ஞாயிறு மத்தியானம் சென்டரைத் திறந்து, டெம்ப்ளேட்டிலிருந்த இரண்டு வரிகளையும் எடுத்தேன். மாதா வந்தார், மாடு வந்தது, கம்மாபுரத்து அம்மா வாய் அசைத்துக்கொண்டு வந்தார். எல்லாரும் வந்தார்கள். பிறகு என் படத்துக்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுதி, அதை மட்டும் மூடியே வைத்தேன். அதே ஊதா. அவர் சொன்னபடி நீலம் கூட்டிய ஊதா.

அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. அவர் பயந்துபோய் ஓடி வர வேண்டும் என்று எதிர்பார்த்தேனா? அந்த வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் வைத்தேன். கோயில்பிள்ளை ஒரு பையனை விட்டுத் தளத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "உன் படத்துல மட்டும் தொறக்கல பாப்பா, நான் எடுத்ததுல எதுனா கோளாறா?" என்று கவலையோடு கேட்டார். அவர் விரலைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள் போல. "ஒங்க மேல தப்பு இல்லிங்க" என்றேன்.

அந்த வாரம் முழுக்க பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகிற வேலையை எல்லாம் நானே ஏற்றுக்கொண்டேன். சென்னை பஸ் வந்து நின்றால் இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கரும்பு லாரிகள் பெண்ணாடம் பக்கம் போய்க்கொண்டிருக்கும். பெட்டியோடு இறங்குகிற ஒவ்வொரு ஆளின் பின்புறமும் அவர் மாதிரியே இருந்தது.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. விமான நிலையத்திலிருந்து பேசுகிறாரா என்று பின்னால் கேட்கும் சத்தத்தைக் கவனித்தேன். இல்லை. வழக்கமான போன் கடைச் சத்தம்தான்.

"என்னா, ஒன் படம் மட்டும் மூடியே இருக்குது? திங்கக்கெழம பாத்தேன், சரி, பழசுதான் காட்டுதுன்னு கம்ப்யூட்டருல தங்கியிருக்கிற கேஷெல்லாம் அழிச்சுப் பாத்தேன். வரல. வேற கடைக்குப் போயிப் பாத்தேன், அங்கயும் வரல. நேத்து வேல முடிஞ்சு டவுனுக்குள்ள பஸ்ஸு புடிச்சுப் போயி ஒரு பெரிய கடையில பாத்தேன். அங்கயும் ஊதாதான். கோடுல எங்கயோ ஒரு வரி நின்னுபோச்சுன்னு நெனக்கிறேன், பாரு."

"நிக்கல. நான்தான் எழுதி வெச்சேன்."

கார்டு ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்கு?"

கம்மாபுரத்து அம்மாவின் மகன் வந்ததை அப்போதுதான் சொன்னேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். "அவரு அந்த ஊதாவப் பாத்துட்டு ஓடியாந்தாரு. நீங்க நீலத்த கூட்டச் சொன்னீங்க" என்று முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "அந்த அண்ணனுக்கு அந்த ஊதாவ யாரு போட்டதுன்னு தெரியாது. எனக்குத் தெரியும். நீ ஒக்காந்து போட்டிருக்க. நீ சொகமா இருந்தாத்தான அதப் போட முடியும்? போட்டோன்னா அது ஞாயித்துக்கெழம எடுத்தது, இன்னிக்கு எப்படி இருக்கியோன்னு மனசு அடிச்சுக்கும். நேத்து இல்லாத ஒண்ணு இன்னிக்கு சைட்டுல இருந்தா, சரி, புள்ள எழுந்து வேலைக்குப் போயிருக்குன்னு தெரிஞ்சுக்குவேன். நான் வெள்ளிக்கெழம மட்டுந்தான் பாக்குறேன்னா நெனச்ச? தெனமும் சாயங்காலம் போறேன். எதுனா மாறியிருக்குதான்னு பாக்கத்தான் போறேன்."

இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. நான் ஒன்றும் மாற்றாமல் விட்ட நாட்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சோம்பலாக இருந்த நாட்கள், பொம்மையைச் சுற்ற விட்டுக்கொண்டிருந்த நாட்கள். அந்தச் சாயங்காலங்களில் அவர் என்ன நினைத்துக்கொண்டு அறைக்குத் திரும்பி நடந்திருப்பார்?

அவர் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கியது. கட்டின பெண்டாட்டிக்கு அதைவிட நல்ல பதிலை ஒருவரால் சொல்ல முடியாது என்பதும் விளங்கியது. அப்படியும் மனசு ஆறவில்லை. இரண்டு வருடத்தில் பாதிகூட முடிந்திருக்கவில்லை.

"எடுத்துடு. ஒன்னப் பாக்காம இருக்க முடியல" என்றார்.

"எடுத்துடறேன்" என்றேன். "ஆனா நீங்க கொஞ்சம் பயந்திருக்கலாம்."